பிள்ளையின் கட்டுக்காவல் வழக்குக்குக் கொழும்பில் சட்டத்தரணி தேடுவது எப்படி?

வினா: கொட்டாஞ்சேனை வாசகி
2024 பெப்ரவரி 11

என் கணவர் விடுமுறைக்கென்று ஆறு வயது மகளைத் தெஹிவளையில் உள்ள தமது தாயார் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். விடுமுறை முடிந்த பின்பும் பிள்ளையைத் திருப்பி அனுப்பவில்லை. விவாகரத்து வழக்கு எதுவும் எங்களுக்கிடையில் இல்லை. சட்டப்படி தகப்பனுக்குத்தான் முதல் உரிமை என்றும், மிகப் பெரிய சட்டத்தரணி ஒருவரைப் பிடித்தால் மட்டுமே பிள்ளையை மீட்கலாம் என்றும் உறவினர்கள் கூறுகிறார்கள். பெரிய சட்டத்தரணியை எங்கே தேடுவது, எவ்வளவு செலவாகும் என்பதை இந்த வழியில் சென்றவர்கள் யாராவது எழுதுங்கள்.

2024 பெப்ரவரி 11, இரவு

தங்கச்சி, நானும் இதே வழியில் சென்றவள். என் மகனுக்காகக் கொழும்பு, புதுக்கடை நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். சட்டம் பற்றிய பயத்தை முதலில் தெளிவாக்கிவிட்டு, சட்டத்தரணி பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உறவினர்கள் சொல்வதற்கு ஓர் அடிப்படை உண்டு. நம் நாட்டில் கட்டுக்காவலை, அதாவது பிள்ளை யாருடைய பொறுப்பில் வாழ்வது என்பதை, தீர்மானிக்கும் பொதுச் சட்டம் உரோம-டச்சுச் சட்டத்திலிருந்து வந்தது. அதன்படி திருமணம் நிலைத்திருக்கும் காலத்தில் தகப்பனே இயற்கைப் பாதுகாவலர், கட்டுக்காவலிலும் அவருக்கே முன்னுரிமை. 1950களின் தீர்ப்புகள் பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து இருக்கிறதென்று தாய் காட்ட வேண்டும் என்ற அளவுக்கு அந்த முன்னுரிமையை இறுக்கமாகப் பிடித்திருந்தன. அதற்குப் பிந்திய தீர்ப்புகள் படிப்படியாக நகர்ந்து, பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்ற இடத்துக்கு வந்துவிட்டன. சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்று உறுதிப்படுத்தியதும் அந்தப் போக்குக்கு வலுச் சேர்த்தது. ஆகவே இன்று நீதிபதிக்கு முன் வைக்க வேண்டியது பிள்ளையின் அன்றாட வாழ்க்கை. அதை ஒழுங்காக எடுத்து வைக்கத் தெரிந்த சட்டத்தரணியே உங்களுக்குத் தேவை. அவர் பெரியவரா சிறியவரா என்பது அதற்குப் பிந்திய கேள்வி.

2024 பெப்ரவரி 12

அவசரமாக ஒன்று. பாடசாலை வாசலில் நின்று பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிள்ளை எந்தத் திகதியில் சென்றாள், நீங்கள் எப்போது தொலைபேசியில் கேட்டீர்கள், என்ன பதில் கிடைத்தது என்பவற்றை இன்றே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். செய்திகளை அழிக்க வேண்டாம். நாள் கடக்கக் கடக்க, பிள்ளை அந்த வீட்டில் பழகிவிட்டாள் என்ற வாதம் அவர்களுக்குக் கிடைக்கும் என்பதால், சட்டத்தரணியைத் தேடுவதற்கு வாரக் கணக்கில் எடுத்துக்கொள்ளவும் முடியாது.

2024 பெப்ரவரி 14

சட்டத்தரணியின் அலுவலகத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி: 'எந்த நீதிமன்றத்துக்குப் போகப் போகிறீர்கள், ஏன்?'

1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின்படி குடும்ப வழக்குகளை மாவட்ட நீதிமன்றமே விசாரிக்கிறது. விவாகரத்து வழக்கு இல்லாமலும் அங்கே கட்டுக்காவல் கோரலாம். வழக்கு முடியும் வரை பிள்ளை யாரிடம் இருப்பது, மற்றவர் எப்போது பார்ப்பது என்று இடைக்காலக் கட்டளையும் கேட்கலாம். இன்னொரு வழி ஆட்கொணர்வு மனு. அரசியலமைப்பின் 141 ஆம் உறுப்புரையின்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும், 13 ஆம் திருத்தத்துக்குப் பின் மாகாண மேல் நீதிமன்றத்திலும் அதைத் தாக்கல் செய்யலாம். பிள்ளையைத் திகதி குறித்து நீதிமன்றத்துக்கு வரவழைக்கும் பலம் அந்த மனுவுக்கு உண்டு. ஆனால் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கீழ் நீதிமன்றம் ஒன்றுக்கு அனுப்பி, விசாரித்து அறிக்கை தருமாறு கேட்கவும் கூடும்; அப்படியானால் நீங்கள் எதிர்பார்த்த வேகம் கிடைக்காது.

இரண்டில் எது நல்லது என்று நான் சொல்ல மாட்டேன், உங்கள் சூழ்நிலையை முழுதாகக் கேட்டவர் ஒருவரே சொல்ல வேண்டும். கேட்டு முடிப்பதற்குள்ளேயே 'இதற்கு ஆட்கொணர்வு தான்' என்றோ 'முதலில் விவாகரத்தைப் போடுவோம்' என்றோ முடிவு சொல்பவரிடம் மட்டும் கவனமாக இருங்கள். நம் சட்டத்தில் இருவரும் இணங்கினார்கள் என்பது விவாகரத்துக்குக் காரணமாகாது. சோரம் (திருமணத்துக்கு வெளியே தகாத உறவு), தீய எண்ணத்துடன் கைவிடுதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு ஆகியவையே காரணங்கள். பிள்ளை திரும்ப வேண்டும் என்று போனவளை, கணவன் கைவிட்டதாக நிரூபிக்கும் நீண்ட வழக்கொன்றுக்குள் தள்ளிவிட்டால், பிள்ளையின் விடயம் அதற்குள் மறைந்துபோகும்.

2024 பெப்ரவரி 15

'பெரிய' என்ற சொல்லுக்கு வருகிறேன். முன்னர் பிரக்கிராசி, அப்புக்காத்து என்று இரு வகையினர் இருந்தார்கள். 1970களில் இரண்டையும் சேர்த்து எல்லோரையும் சட்டத்தரணி என்றாக்கினார்கள். ஆயினும் வேலை இன்றும் இரண்டாகவே நடக்கிறது: ஒருவர் உங்கள் பெயரில் புரொக்சி (உங்களுக்காகச் செயற்பட அதிகாரம் தரும் படிவம்) தாக்கல் செய்து வழக்குக் கோவையைப் பார்த்துக்கொள்ளும் பதிவுச் சட்டத்தரணி, மற்றவர் நீதிபதிக்கு முன் எழுந்து பேசும் வழக்குரைஞர். உறவினர்கள் சொல்லும் பெரியவர் இந்த இரண்டாமவர். உங்கள் வழக்கு நாள்தோறும் யாருடைய மேசையில் கிடக்கும் என்றால், முதலாமவருடைய மேசையில்.

எனவே முதலாமவரைத் தேர்வதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 27 ஆம் பிரிவின்படி, அந்தப் புரொக்சி வழக்குக் கோவையில் இருக்கும் வரை அவரே உங்களுக்காகச் செயற்படுவார். நீதிமன்றத்தின் அனுமதியோடு எழுத்தில் அதை நீக்கிய பிறகே இன்னொருவரை நியமிக்கலாம். பிடிக்கவில்லை என்றால் அடுத்த தவணைக்கு (வழக்கு அழைக்கப்படும் அடுத்த நாளுக்கு) வேறொருவரைக் கூட்டிச் செல்லலாம் என்று நினைத்துப் பலர் கையொப்பம் இடுகிறார்கள். அது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. நிரப்பப்படாத புரொக்சிப் படிவத்தில் கையொப்பம் கேட்டால், நிரப்பித் தாருங்கள், வாசித்துவிட்டு இடுகிறேன் என்று சொல்லுங்கள்.

இரண்டாமவரைப் பற்றிக் கேட்க வேண்டியது ஒன்றே: தவணை நாளில் அவரே வருவாரா, அவருடைய கனிஷ்டர் வந்து திகதி வாங்கிக்கொண்டு போவாரா? புகழ் பெற்றவருக்கு ஒரே காலையில் பல நீதிமன்றங்களில் வழக்கு இருக்கும். விவாகரத்து வழக்கில் ஒரு தவணை தள்ளிப்போனால் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளையைக் காணாதிருக்கும் தாய்க்கு அது இன்னொரு மாதம்.

2024 பெப்ரவரி 18

மொழியைப் பற்றி எழுதாமல் இந்த இழை முழுமையாகாது. இங்கே கேட்பவர்களில் பெரும்பாலானோர் கொழும்புத் தமிழர்கள்.

புதுக்கடையில் வழக்குகள் சிங்களத்தில் நடக்கின்றன, ஆவணங்கள் பல ஆங்கிலத்தில் தயாராகின்றன. இடையில் நிற்கும் நாம், எதிரில் பேசப்படுவது நம் பிள்ளையைப் பற்றித்தான் என்பதை மட்டும் அறிந்தவர்களாகத் தலையாட்டிக்கொண்டு நிற்கிறோம். இப்படித்தான் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை, வழக்கின் தரப்பினர் ஒருவர் சிங்களத்திலோ தமிழிலோ வழக்கைத் தொடங்கவும் மனுக்களைச் சமர்ப்பிக்கவும் நடவடிக்கைகளில் பங்குபற்றவும் உரிமை தருகிறது; நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு அரசே மொழிபெயர்ப்பையும் உரைபெயர்ப்பையும் வழங்க வேண்டும் என்றும் கூறுகிறது. இந்த உரிமையை நமக்காக எழுந்து கேட்க ஒருவர் வேண்டும். கேட்கத் தயங்காத சட்டத்தரணியா என்பதை முதற் சந்திப்பிலேயே அறியலாம். 'சத்தியக்கடதாசியைக் கையொப்பத்துக்கு முன் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டுவீர்களா?' என்று கேளுங்கள்.

நான் முதலில் சென்ற அலுவலகத்தில் ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்த சத்தியக்கடதாசி ஒன்றைத் தந்து, வெளியில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், விரைவாகக் கையொப்பமிடுங்கள் என்றார்கள். நாளை தருகிறேன் என்று வீட்டுக்குக் கொண்டு வந்து, ஒன்றுவிட்ட தம்பியிடம் கொடுத்து வரி வரியாகச் சொல்லக் கேட்டேன். தகப்பன் மகனை ஒருநாளும் கவனித்ததில்லை என்று அதில் ஒரு பந்தி இருந்தது. அது பொய். என் மகனுக்கு மூச்சிழுப்பு வந்த இரவுகளில் முச்சக்கரவண்டி பிடித்து அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அந்த மனிதர். மறுநாள் அந்தப் பந்தியை நீக்கச் சொன்னபோது, எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று பதில் வந்தது. கோவையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சத்தியம் செய்து கொடுத்த ஒரு பொய்யை எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் உடைத்துவிட்டால், மீதமுள்ள உண்மைகளையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அதைவிடவும், அந்தக் காகிதம் கோவையிலேயே இருக்கும், ஒருநாள் என் மகன் அதை வாசிக்கக்கூடும் என்ற எண்ணம் என்னை உறங்க விடவில்லை.

2024 பெப்ரவரி 20

நீதிமன்ற வாசலில் தானாக வந்து 'நல்ல லோயர் ஒருவர் இருக்கிறார்' என்று கைப்பிடித்து அழைத்துச் செல்பவர்களைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்களோடு போகாதீர்கள். சட்டத்தரணிகளின் நடத்தைக்கென 1988 இல் உயர் நீதிமன்றம் விதிகள் வகுத்திருக்கிறது; தரகர் மூலம் ஆள் பிடிப்பது அந்த விதிகளுக்கு முரணானது. ஒருவர் உண்மையாகவே சட்டத்தரணியா என்ற ஐயம் இருந்தால், உயர் நீதிமன்றப் பதிவகத்தில் பெயரேடு இருக்கிறது, இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கமும் புதுக்கடையிலேயே இருக்கிறது. ஒழுக்கக்கேட்டை விசாரித்துப் பெயரேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கே உரியது.

தேடுவதற்கு நான் கண்ட நல்ல வழி, மாவட்ட நீதிமன்றத்தில் குடும்ப வழக்குகள் எடுக்கப்படும் நாளில் திறந்த மன்றத்தின் பின்வரிசையில் அமர்ந்து பார்ப்பது. யார் கோவையை வாசித்துவிட்டு வந்திருக்கிறார், யார் எதிர்த்தரப்புத் தாயை அவமதிக்காமல் பேசுகிறார், யாருடைய சொல்லுக்கு நீதிபதி காது கொடுக்கிறார் என்பது ஒரு காலையிலேயே தெரிந்துவிடும். சில விடயங்களை நீதிபதி மூடிய மன்றத்தில் எடுப்பார். அப்போது வெளியே வந்துவிட வேண்டும்.

2024 பெப்ரவரி 25

பணம். தொகை சொல்லுங்கள் என்று பலர் கேட்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் மிகவும் வேறுபடுவதால் நான் எண் எதையும் எழுதப் போவதில்லை. ஆனால் எதற்கெல்லாம் பணம் கேட்கப்படும் என்பதை முன்கூட்டியே அறிந்திருங்கள்: ஆவணம் தயாரிப்பதற்கு, ஒவ்வொரு தவணைக்கும் பதிவுச் சட்டத்தரணிக்கு, ஒவ்வொரு தவணைக்கும் வழக்குரைஞருக்கு, மொழிபெயர்ப்புக்கு, சான்றுப்படுத்திய பிரதிகளுக்கு. வழக்கு எடுக்கப்படாமல் திகதி மட்டும் மாற்றப்படும் நாளுக்கு முழுத் தொகையா, பாதியா என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். பற்றுச்சீட்டு வாங்குங்கள். நகையை அடகு வைப்பதற்கு முன் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் கிடைத்திருக்க வேண்டும்.

வசதி இல்லாதவர்களுக்கு, 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. தலைமையகம் புதுக்கடையில் இருக்கிறது. வருமானத்தை விசாரித்தே வழக்கை எடுப்பார்கள். தேசிய அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். இலவசமாகக் கிடைப்பது தரமற்றது என்று நம்மவர்களிடம் ஓர் எண்ணம் இருக்கிறது. குடும்ப வழக்குகளையே தொடர்ந்து செய்துவரும் அங்குள்ள சட்டத்தரணி, வர்த்தக வழக்குகளில் பெயர் எடுத்த ஒருவரைவிட உங்களுக்குப் பயன்படக்கூடும்.

பிள்ளையின் தாபரிப்புக்கு (பராமரிப்புச் செலவுக்கான பணத்துக்கு) இந்த வழக்கு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தனியாக விண்ணப்பிக்கலாம்.

2024 மார்ச் 3

பதினெட்டாம் திகதிக் குறிப்பைத் திரும்ப வாசித்தேன். தமிழ் தெரிந்தவராக இருந்தாலே போதும் என்பது போன்ற ஒரு தொனி அதில் ஒலிக்கிறது, ஆகவே சற்று விரிக்கிறேன். நான் இறுதியில் நியமித்த பதிவுச் சட்டத்தரணி காலியைச் சேர்ந்த சிங்களப் பெண்மணி. தமிழ் ஓரளவு புரியும், பேச வராது. ஆனால் தன் அலுவலகத்தில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த உதவியாளர் ஒருவரை வைத்திருந்தார். அவர் உட்கார்ந்து வாசித்துக் காட்டி நான் சரி என்று சொல்லும் வரை எந்தக் காகிதத்தையும் என் முன் நீட்டியதில்லை.

முதற் சந்திப்பில் என் கணவரைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. மகன் எத்தனை மணிக்கு எழும்புவான், காலையில் யார் சாப்பாடு கட்டுவார், பாடசாலைக்கு எப்படிப் போகிறான், வீட்டுப்பாடம் யார் பார்க்கிறார், மூச்சிழுப்பு மருந்து எங்கே இருக்கும், நான் வேலையால் வரப் பிந்தினால் யாருடைய கையில் இருப்பான் என்றெல்லாம் கேட்டு எழுதினார். வெள்ளவத்தையில் எங்களோடு இருந்த என் அம்மாவின் வயதையும் உடல்நிலையையும் கூடக் கேட்டார். எரிச்சலாக இருந்தது, என் கணவர் செய்தவற்றைச் சொல்லத்தானே போயிருந்தேன். பின்னர் நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து நீதிமன்றத்துக்கான அறிக்கைக்காகக் கேட்டவை ஏறக்குறைய அதே கேள்விகள்.

2024 மார்ச் 4

அந்தச் சட்டத்தரணியின் பெயரைத் தனிச் செய்தியில் கேட்பவர்களுக்கு: அவர் இப்போது வழக்குகள் எடுப்பதில்லை.

2024 மார்ச் 17

வேறொரு வாசகருக்கு. உங்கள் மனைவி வெளிநாட்டில் வழக்கமாக வசித்த பிள்ளையை உங்கள் சம்மதமின்றிக் கொழும்புக்குக் கூட்டி வந்துவிட்டார் என்றால், அது மேலே எழுதியவற்றிலிருந்து வேறுபட்ட வழக்கு. பிள்ளைகளை நாடு கடந்து கொண்டு செல்வது பற்றிய 1980 ஆம் ஆண்டின் ஹேக் சமவாயத்தில் இலங்கை 2001 இல் இணைந்து, அதே ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தையும் இயற்றியது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கே அது பொருந்தும். நீங்கள் வாழும் நாடு இலங்கையின் இணைவை ஏற்றிருக்கவும் வேண்டும். நீதியமைச்சின் ஊடாகவே விண்ணப்பம் வருகிறது. அங்கே கேட்கப்படும் கேள்வி பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டுமா என்பதே. கட்டுக்காவல் யாருக்கு என்பதைப் பிள்ளை வழக்கமாக வசித்த நாட்டின் நீதிமன்றம் தீர்மானிக்கும். ஓராண்டுக்குள் விண்ணப்பிப்பது மிக முக்கியம். ஓராண்டு கடந்தால், பிள்ளை புதிய இடத்தில் நிலைபெற்றுவிட்டது என்று காட்டித் திருப்பி அனுப்புவதை எதிர்க்கலாம். சமவாய வழக்கை முன்பு நடத்தியிருக்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்டு, இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் செல்லுங்கள்.

2024 மார்ச் 23

இரண்டு சிறிய பதில்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்குத் தேசவழமைப்படிதானே கட்டுக்காவல் என்று கேட்ட ஐயாவுக்கு: யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை இன்று நீதிமன்றங்களில் எழுவது பெரும்பாலும் சொத்து, முதிசம் (பரம்பரைச் சொத்து), முற்கொள்வனவு (விற்கப்படும் காணியை முதலில் வாங்கும் உரிமை) பற்றித்தான்; பிள்ளையின் விடயத்தில் மாவட்ட நீதிமன்றம் பார்ப்பது பொதுச் சட்டத்தையும் பிள்ளையின் நலனையுமே. முஸ்லிம்களின் குடும்ப விடயங்களை விசாரிக்கும் காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி வைத்துக் கட்டுக்காவல் கேட்கலாமா என்று கேட்ட மாளிகாவத்தைச் சகோதரிக்கு: காதி நீதிமன்றத்தில் விவாகரத்தும் தாபரிப்பும் பேசலாம், அங்கே சட்டத்தரணி உங்களுக்காகத் தோன்ற முடியாது. கட்டுக்காவலுக்கு நீங்களும் மாவட்ட நீதிமன்றத்துக்கே வர வேண்டும், அங்கே சட்டத்தரணி வைத்துக்கொள்ளலாம்.

2024 ஏப்ரல் 21

கொட்டாஞ்சேனைத் தங்கச்சி ஒருவரை நியமித்துவிட்டதாகவும், இடைக்காலக் கட்டளைக்கான விண்ணப்பத்தின்போது நீதிபதி பிள்ளையோடு பேச விரும்பலாம் என்று சொல்லப்பட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். என்ன சொல்ல வேண்டுமென்று மகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

வேண்டாம், தங்கச்சி. நீதிபதிகள் தம் அறையில் பிள்ளையைத் தனியாக இருத்திக் கதைப்பது வழக்கம். சொல்லிக் கொடுத்த பேச்சை அவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். ஆனால் ஒரு வேலை உங்கள் சட்டத்தரணிக்கு இருக்கிறது. பிள்ளை தமிழில்தான் பேசுவாள், நீதிபதிக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அன்று கையில் அகப்பட்ட யாரோ ஒருவர் அரைகுறையாகப் பெயர்த்துச் சொல்ல, அது பதிவில் ஏறக் கூடாது. தகுதியுள்ள உரைபெயர்ப்பாளர் அன்று இருக்க வேண்டும் என்று முந்திய தவணையிலேயே மன்றில் கேட்டுப் பதிவு செய்விக்கச் சொல்லுங்கள். என் சட்டத்தரணி அப்படிச் செய்தார். மகன் உள்ளே என்ன சொன்னான் என்று அவனிடம் கேட்கவே கூடாது என்றும் என்னிடம் உறுதி வாங்கியிருந்தார். இன்றுவரை நான் கேட்டதில்லை.

2024 ஏப்ரல் 22

வன்முறை நடந்திருந்தால் என்ற கேள்விக்கு: 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், இடைக்காலக் கட்டளை பதினான்கு நாள் வரையும், பாதுகாப்புக் கட்டளை பன்னிரண்டு மாதம் வரையும் நிலைக்கும். பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றால் சட்டத்தரணியைத் தேடிக்கொண்டிராமல், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். நடக்காத வன்முறையை வழக்குக்கு வலுவாக இருக்கும் என்று எழுதச் சொல்பவரை விட்டு விலகுங்கள். உண்மையாக அடி வாங்கும் பெண்களைத்தான் அது நம்ப முடியாதவர்களாக்குகிறது.

2024 மே 19

பிள்ளை வெள்ளி மாலை முதல் தாயிடமும் தகப்பனிடமும் மாறி மாறி இருப்பதாக இடைக்காலக் கட்டளை கிடைத்திருக்கிறது என்றும், எதிர்த்தரப்பு இணக்கத்துக்கு வருகிறது என்றும் தங்கச்சி இன்று எழுதியிருக்கிறார். மிகவும் மகிழ்ச்சி. இணக்கத்தைச் சட்டத்தரணிகள் இருவரும் மன்றின் வெளியே நின்று சில நிமிடங்களில் எழுதிவிடுவார்கள், ஆகவே வரைவை முதல்நாளே வாங்கித் தமிழில் கேளுங்கள். 'நியாயமான வேளைகளில் பார்க்கலாம்' என்ற வரி இருந்தால் நீக்கச் சொல்லி, கிழமையையும் மணியையும் ஒப்படைக்கும் இடத்தையும் எழுதுவியுங்கள். பாடசாலை விடுமுறையை எப்படிப் பிரிப்பது, தைப்பொங்கலும் தீபாவளியும் பிறந்தநாளும் யாரிடம், பாடசாலையை மாற்ற இருவரின் சம்மதமும் வேண்டுமா, கடவுச்சீட்டு யாருடைய கையில், வெளிநாடு கூட்டிச் செல்ல எழுத்துச் சம்மதம் எத்தனை நாளுக்கு முன் கேட்க வேண்டும் என்பவை அனைத்தும் அதில் இருக்க வேண்டும். சூழ்நிலை மாறினால் கட்டுக்காவல் கட்டளையை மாற்றித் தருமாறு மீண்டும் மன்றைக் கேட்கலாம் என்பதால், சான்றுப்படுத்திய பிரதி ஒன்றை எடுக்காமல் புதுக்கடையை விட்டு வர வேண்டாம்.